"எங்க தெருவுக்குள்ள ஆம்புலன்ஸ் வரணும் சார்!" - ஒரு பார்க்கிங் மனு அலைந்த கதை

ராத்திரி 11 மணி இருக்கும். எங்கள் தெருமுனையில் 108 ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால், வண்டி நகரவில்லை. டிரைவர் இறங்கி வந்து தெருவைப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் கார்கள். நடுவில் ஓர் ஆட்டோ போகலாம், அவ்வளவுதான். "இதுக்குள்ள விட்டா திரும்பி எடுக்கவே முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, உதவியாளரோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சுவலி. தெருமுனையிலிருந்து பதினாறாவது வீடு. வழியில் நின்ற கார்களில், வளைவை ஒட்டி நின்ற ஒரு வெள்ளை காரை எடுத்திருந்தால் பாதித் தெரு வரைக்குமாவது ஆம்புலன்ஸ் வந்திருக்கும். அந்த கார் எங்கள் அப்பாவுடையது. சாவியைத் தேடினார். டி.வி ஸ்டாண்டு, சட்டைப் பாக்கெட், பூஜை அலமாரி... கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விழுந்துகிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஸ்ட்ரெச்சர் தெருமுனைக்குப் போய்விட்டது.

தாத்தா பிழைத்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஆனால், ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் செருப்புகூடப் போடாமல் ஓடிய பாட்டியை எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மனு எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலை சென்னையில் என்பதால் வார இறுதியில் மட்டும் ஊருக்குப் போகிற நான், அந்த மனு போன இடமெல்லாம் கூடவே போனேன். கிட்டத்தட்ட ஐந்து மாதம். ஊர்ப் பெயர், தெருப் பெயர் எதுவும் போடக் கூடாது என்பது அப்பாவின் கண்டிஷன். "நாளைக்கு அதே ஆபீஸுக்குத்தான் நாம திரும்பவும் போய் நிக்கணும்" என்றார். தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'வெளியாட்கள் வண்டியை உடனே அகற்றுக!'

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். ரேஷன் கார்டு திருத்தம் முதல் கரன்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றம் வரை எல்லா மனுவும் அவர் கையெழுத்தில்தான் போகும். 'மேற்படி தெருவில் நெடுங்காலமாக வசித்துவரும் நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்...' என்று ஆரம்பித்தார். நான்கு பக்கம் போனது.

அந்த முதல் மனுவில் இருந்த கோரிக்கைகள்: வெளியாட்கள் வண்டிகளுக்குத் தெருவில் தடை, தெரு முழுக்க நோ பார்க்கிங் போர்டு, இரண்டு வேகத்தடை, பின் தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் மீது நடவடிக்கை, கடைசியாக - இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது - தெருமுனையில் நிற்கும் அயர்ன் வண்டியையும் காய்கறி வண்டியையும் அகற்ற வேண்டும்.

43 கையெழுத்து. அப்பா ஆறாவதாகப் போட்டிருந்தார்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுவை வாங்கிப் படித்தவர் நிதானமாகச் சொன்னார். "நோ பார்க்கிங்னு நாங்களா முடிவு பண்ண முடியாதுங்க சார். அது டிராஃபிக் போலீஸ். ரோடு, சாக்கடை, பிளாட்ஃபாரம்னா சொல்லுங்க, நாங்க பாக்குறோம்."

போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போனோம். "தெரு மாநகராட்சியோடது. அவங்களும் சேர்ந்து வந்து பார்த்தாத்தான் எதுவும் பண்ண முடியும். முதல்ல அங்கே குடுத்துட்டு வாங்க."

வெளியே வந்ததும் ஹெட்மாஸ்டர் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பந்து விளையாடறாங்கம்மா!" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், அன்று ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தால், இரண்டு பேர் சொன்னதுமே சரிதான்.

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு, வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கோ தருகிறது. ஆனால், அந்த இடத்தின் உள்ளாட்சி அமைப்போடு கலந்துபேசித்தான் அதைச் செய்ய வேண்டும் என்கிறது. தெருவைப் போடுவதும் பராமரிப்பதும் மாநகராட்சி. அந்தத் தெருவில் நிற்கும் வண்டிக்கு அபராதம் போடுவது போலீஸ். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை வரும். ஒரே ஒரு அலுவலகத்துக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அது வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு. வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குள் தூங்கப் போனவருக்கு முதல் தடவை என்றால் 500 ரூபாய்தான். ஆம்புலன்ஸுக்கு இரண்டும் ஒரே தடைதான்.

"எத்தனை வண்டி நிக்குது? யாரோடது?"

கிராம சபை தெரியும். நகரத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெயர், பகுதி சபா. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அங்கே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் குறை கேட்கும் கூட்டம். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே அமலுக்கு வந்து, மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கும் நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் பகுதி சபாக்கள் முதன்முறையாகக் கூடியது 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினும் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பகுதி சபா ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் நடந்தது. முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் குடிதண்ணீர், தெருநாய், குப்பை வண்டி. எங்கள் முறை வந்ததும் ஹெட்மாஸ்டர் தாத்தா நான்கு பக்கத்தையும் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தில் கவுன்சிலர் அக்கா நிறுத்தினார்.

"ஐயா, எல்லாம் சரி. உங்க தெருவுல மொத்தம் எத்தனை வண்டி நிக்குது? எந்த நேரத்துல அதிகம்? அதுல வெளியாட்களோடது எத்தனை?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. 'நிறைய' என்பதைத் தவிர எங்களிடம் பதிலே இல்லை.

"அதை மட்டும் எண்ணிட்டு வாங்க. நான் அதிகாரிங்களைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டது மாடி வீட்டு காலேஜ் தங்கையும், எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் தம்பியும். வார நாளில் சில முறை, சனி ஞாயிறு நானும் சேர்ந்துகொண்டேன். காலை 7, பகல் 12, ராத்திரி 10. நம்பர் பிளேட்டைக் குறிப்பது, அது எந்த வீட்டு வண்டி என்று விசாரிப்பது. பையனுக்கு நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே வீடு தெரியும். "இது சி பிளாக் அங்கிளோடதுக்கா. இது அவரோட பழைய கார்க்கா, ஓடாது. மூணு வருஷமா இங்கதான் நிக்குது" என்று வரிசையாகச் சொன்னான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 10 மணிக்கு நின்ற கார்கள் 27. அதில் வெளியாட்களுடையது ஆறு. மீதி 21, மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக் கார்கள்.

பகலில் கணக்கு வேறு. மெயின் ரோட்டில் இருக்கும் பேங்குக்கும் கிளினிக்குக்கும் வருகிறவர்கள் விட்டுப்போகும் வண்டிகள்தான் அதிகம். முகூர்த்த நாளில் எதையும் எண்ணவே முடியவில்லை. ஆனால், ஆம்புலன்ஸ் வந்து நின்றது பகலில் அல்ல, ராத்திரி. அன்றைக்குத் தாத்தாவை மறித்தது வெளியாட்கள் இல்லை. நாங்கள்தான்.

அடுத்து டேப்பை எடுத்தோம். பத்திரத்தில் எங்கள் தெரு 20 அடி. மீட்டரில் சொன்னால் 6.1. ஒரு சாதாரண காரின் அகலம் சுமார் 1.75 மீட்டர். சுவரை ஒட்டி நிறுத்தினாலும் ஓர் அடி இடைவெளி விடுவோம். இரண்டு பக்கமும் நிறுத்தினால் நான்கு மீட்டருக்கு மேல் போய்விடும். மிச்சம் இரண்டு மீட்டர். ஆம்புலன்ஸ் வேனின் அகலமே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர், கண்ணாடியைச் சேர்க்காமல். தீயணைப்பு வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் நான்கு மீட்டர் கிடைக்கும். எல்லாம் போகும், வரும்.

ஆனால், 20 அடியும் எங்களிடம் இல்லை. வண்டி ஏற்றுவதற்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிமென்ட் சரிவு. சிலது இரண்டடி, சிலது மூன்றரை அடி, தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சரிவை விட்டுத்தான் அடுத்த கார் நிற்கும். டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன், "அப்ப நம்ம வீட்டுதும் இடிக்கணுமாக்கா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

மொட்டை மாடியில் ஒரு சண்டை

கணக்கை எல்லோர் முன்னாலும் வைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். சுண்டல், டீயோடு ஆரம்பித்த கூட்டம் அரை மணி நேரத்தில் சண்டையானது.

"சொந்தத் தெருவுல சொந்த கார் நிறுத்தக் கூடாதுன்னா எங்க போய் நிறுத்துறது?" - இது சி பிளாக் அங்கிள்.

"உங்க அபார்ட்மென்ட்ல கீழ்த்தளம் எதுக்கு? அங்கதானே பார்க்கிங் போட்டு பிளான் அப்ரூவல் வாங்கினாங்க? இப்ப அங்க என்ன இருக்கு... டெய்லரிங் யூனிட்!" - இது மருந்துக் கடை அண்ணன்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் தெருவில் ஐந்தரை சென்ட் மனையில் ஒரு குடும்பம் இருந்த வீடுகள் பல இன்று ஆறு ஃபிளாட்கள். ஆறு வீட்டுக்கு நான்கு கார் நிற்கும் இடம் கீழே இருந்தது. ஒரு கட்டடத்தில் அது தையல் கூடம், இன்னொன்றில் வாட்ச்மேன் ரூமும் பழைய சோபாக்களும். இப்படி கீழ்த்தளம் கைமாறுவது நாடு முழுக்க இருக்கும் பழைய வழக்கு. மும்பைப் பக்கத்து வழக்கு ஒன்றில் 2010-லேயே உச்ச நீதிமன்றம், தூண்களுக்கு நடுவில் இருக்கும் பார்க்கிங் இடம் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. விற்கவே முடியாது என்ற இடத்தை நாம் வாடகைக்கு விட்டுவிட்டு, காரைத் தெருவில் நிறுத்துகிறோம்.

எங்கள் வீடும் யோக்கியம் இல்லை. 1994-ல் தாத்தா கட்டியபோது வீட்டில் இருந்தது ஒரு டி.வி.எஸ் 50. அது நிற்கும் அளவுக்குத்தான் வாசலில் இடம் விட்டார். கார் வந்தது 2016-ல். அது முதல் நாள் ராத்திரியிலிருந்தே தெருவில்தான் தூங்குகிறது.

ஜப்பானில் இதற்கு 1962-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். கார் பதிவு செய்ய வேண்டுமா, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்கி வா என்பார்கள். டோக்கியோவின் குட்டித் தெருக்களில் ராத்திரி கார் நிற்காததற்கு இதுதான் காரணம். இதை மொட்டை மாடியில் சொன்னேன். "அப்ப நம்ம தெருவுல முக்கால்வாசிப் பேர் சைக்கிள்தான் வாங்க முடியும்" என்று யாரோ சொல்ல, அன்று சாயங்காலம் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த பஞ்சாயத்து, போர்டு. எங்கள் தெருவில் பாதி கேட்டுகளில் 'நோ பார்க்கிங்' போர்டு தொங்குகிறது. சிலவற்றில் 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று கூடவே எழுதியிருக்கும். போர்டு இல்லாதவர்கள் பூந்தொட்டி, மணல் மூட்டை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. இவை எதற்கும் சட்டத்தில் மதிப்பு கிடையாது. சென்னையில் 2024-ல் போக்குவரத்து போலீஸே, அனுமதி இல்லாமல் வைத்த இந்த மாதிரி போர்டுகளையும் தொட்டிகளையும் எடுக்கச் சொல்லி எச்சரித்தது. சொல்லப்போனால், போர்டு தேவையே இல்லை. ஒரு வீட்டு வாசலை மறித்து நிறுத்துவதும், தெரு முக்கில், நடைபாதையில் நிறுத்துவதும் 2017-ம் வருட மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளிலேயே தடை. போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தப்பு தப்புதான்.

"கேட்டுக்கு முன்னாடி சரி, காம்பவுண்டுக்கு முன்னாடி எதுக்கு மணல் மூட்டை?" என்று காலேஜ் தங்கை கேட்டாள். பாதிப் பேர் டீ கிளாஸைப் பார்த்தார்கள்.

அயர்ன் வண்டிக்கு எத்தனை அடி?

இந்தக் கூட்டத்துக்கு அயர்ன் வண்டி அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. மனுவில் அவரை அகற்றச் சொல்லியிருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை துணி கொடுக்கப் போனபோது என்னிடம் கேட்டார்.

"பாப்பா, நம்ம வண்டியைத் தூக்கிடுவாங்களா? பதினெட்டு வருஷமா நிக்கிறேன். மனு போட்ட அத்தனை பேர் வீட்டுச் சட்டையும் இப்ப என் வண்டி மேலதான் இருக்கு."

டேப் என் பையிலேயே இருந்தது. அளந்து பார்த்தேன். ஆறடி நீளம், நாலடி அகலம். 24 சதுர அடி. எங்கள் கார் எடுத்துக்கொள்ளும் இடம் 70 சதுர அடிக்கும் மேல். அயர்ன் வண்டி ராத்திரி 8 மணிக்கு சுவரோரம் ஒதுங்கிவிடும். எங்கள் கார்?

தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடித்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, எங்கே வியாபாரம் செய்யலாம் என்பதில் வியாபாரிகளும் இருக்கும் ஒரு குழு யோசனை சொல்ல வேண்டும் என்கிறது. தெருக்காரர்கள் 43 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் ஒருவரின் பிழைப்பைத் தூக்கிவிட முடியாது. இதை ஹெட்மாஸ்டர் தாத்தாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "இதை யார் எழுதச் சொன்னாங்கன்னுகூட ஞாபகம் இல்லம்மா. எல்லா மனுவுலயும் இப்படி ஒரு வரி வந்துடுது" என்றார்.

வேகத்தடை கோரிக்கையும் போனது. கார்களே நகர முடியாத தெருவில் எதற்கு வேகத்தடை?

இரண்டாவது மனு: ஒரே பக்கம்

புது மனு ஒரு பக்கம்தான். பின்னால் காலேஜ் தங்கை வரைந்த தெரு வரைபடம், மூன்று வேளைக் கணக்கு, ராத்திரி 10 மணிக்கு எடுத்த ஆறு போட்டோ. கோரிக்கை மூன்று. ஒன்று, தெருவின் இரு முனையிலும் வளைவிலும் பார்க்கிங் தடை, அதற்கு அரசு போர்டு. இரண்டு, மற்ற இடங்களில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங். மூன்று, கல்யாண மண்டபம் முகூர்த்த நாள்களில் தன் வளாகத்துப் பார்க்கிங்கைப் பூட்டி வைக்காமல் திறந்துவிட வேண்டும்.

கூடவே ஒரு வரி சேர்த்தோம். அதை எழுதச் சொன்னது எங்கள் அப்பா. 'இத்தெருவில் இரவில் நிற்கும் வாகனங்களில் பெரும்பாலானவை மனுதாரர்களாகிய எங்களுடையவையே. தடை எங்களுக்கும் பொருந்தும் என்பதை ஏற்கிறோம்.'

இந்த முறை ஒரே கடிதம் மூன்று இடத்துக்கு. மாநகராட்சி, போக்குவரத்து போலீஸ், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். கலெக்டர் எதற்கு என்றால், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். மாநகராட்சியும் போலீஸும் ஒரே மேஜையில் உட்காருகிற இடம் அது. ஒவ்வொன்றிலும், மற்ற இரண்டு இடத்திலும் கொடுத்திருக்கிறோம் என்று எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டோம். முதல் மனுவுக்கு அதை வாங்காமல் விட்டது எங்கள் தப்பு. சீட்டு இருந்தால்தான் 1100 முதல்வர் உதவி மையத்துக்கு போன் போட்டாலும், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'மனு எந்த நிலையில் இருக்கிறது' என்று கேட்டாலும் பதில் கிடைக்கும். தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

மனுவைச் சுமந்துகொண்டு அலைகிறவர்கள் என்றாலே நம் ஊரில் நினைவுக்கு வருகிற பெயர், 2021-ல் மறைந்த டிராஃபிக் ராமசாமி. பாரிமுனையில் தானாகவே போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தவர், பிறகு உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகளாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அவரைச் சிலர் கிண்டல் செய்ததையும் கேட்டிருக்கிறேன். மூன்று அலுவலகம் ஏறி இறங்கவே எங்களுக்கு கால் வலித்தது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க எப்படி அலைந்தார் என்று ஒரு மதியம் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றபோது யோசித்தேன்.

ஏழாவது வாரம் கூட்டு ஆய்வுக்கு வந்தார்கள். மாநகராட்சி உதவிப் பொறியாளர், போக்குவரத்து இன்ஸ்பெக்டர், கவுன்சிலர் அக்கா. வந்தது காலை 11 மணிக்கு. எல்லோரும் ஆபீஸ் போன நேரம், தெரு பாதி காலி! "ஏங்க, நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். ராத்திரி போட்டோக்களை எடுத்து நீட்டினாள் தங்கை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வளைவில் எடுத்த படத்தில் நிறுத்தினார்.

"இந்த வெள்ளை கார் யாரோடது?"

"என்னோடதுதான் சார்" என்றார் அப்பா.

அன்றைக்கு அவர் லீவு போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இருந்தார் என்று நினைக்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது?

இரண்டு முனையிலும் போர்டு வந்துவிட்டது. வளைவில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஓடாத மூன்று வருட கார், நோட்டீஸ் ஒட்டிய பத்தாவது நாள் பழைய இரும்புக் கடைக்குப் போனது. தையல் கூடம் இருந்த அபார்ட்மென்ட்டில் பேச்சுவார்த்தை இன்னும் ஓடுகிறது. இன்னொரு அபார்ட்மென்ட்டில் சோபாக்கள் போய், இரண்டு கார் உள்ளே போயிருக்கிறது. வீட்டுச் சரிவுகளை வெட்டும் வேலை அடுத்த முறை ரோடு போடும்போது என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாண மண்டபம் மட்டும் அப்படியே. போன முகூர்த்தத்துக்கும் எங்கள் கேட்டை மறித்து ஒரு டிராவலர் வேன் நின்றது. நோ பார்க்கிங்கில் நின்றதற்கு போலீஸ் வந்து அபராதம் போட்டார்கள். போட்டுவிட்டுப் போனார்கள், வேன் சாப்பாடு முடிந்த பிறகுதான் போனது.

ஒரு பக்கப் பார்க்கிங்குக்கு இன்னும் அரசு உத்தரவு வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை தெருக்காரர்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். ஒரு மாதம் கிழக்குப் பக்கம், அடுத்த மாதம் மேற்குப் பக்கம். ஒரே பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் எப்போதும் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. இடம் போதாத ஐந்து கார்கள், அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு நிற்கின்றன. எங்கள் காருக்கு இன்னும் தெருவில்தான் இடம். எல்லா கார் கண்ணாடியிலும் வீட்டு நம்பரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறோம், நடுராத்திரி எழுப்பலாம் என்ற ஒப்பந்தத்தோடு. தெருமுனையில் அயர்ன் வண்டி அதே இடத்தில் நிற்கிறது. சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்காமல், சட்டென்று தள்ளுகிற மாதிரி.

போன வாரம் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மறுபரிசோதனை. வாடகை கார் வாசல் வரை வந்து நின்றது. தாத்தா ஊன்றுகோலோடு மெதுவாக ஏறினார். பாட்டி நிதானமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார்.

நாளைக்கு ஒண்ணாம் தேதி. ராத்திரி 9 மணிக்குள் எல்லா காரும் பக்கம் மாற வேண்டும். வாசல் நிலையில் அப்பா புதிதாக ஓர் ஆணி அடித்திருக்கிறார். கார் சாவி இப்போது அதில்தான் தொங்குகிறது.